மூடுபனியில் நின்றுபோன கோலம்: மின்சாரம் கொடுக்கலாமா, அப்படியே விடலாமா?

மஞ்சூர்_செவ்வந்தி | ஜூலை 19, காலை 7:40

அனைவருக்கும் வணக்கம். நீலகிரியில் எங்கள் மஞ்சூர் நூலகத் திண்ணையில் பிப்ரவரி மாதம் ஒரு சிறிய சட்டத்தை மாட்டினேன். ஒரு சாண் அகலம்தான் இருக்கும். முன்னால் மின்தாள் திரை, பின்னால் தீப்பெட்டி அளவில் ஒரு கணினி. தினமும் காலை 6 மணிக்கு அது புதிதாக ஒரு சிக்குக் கோலத்தைக் கணக்கிட்டு வரையும். மின்தாளுக்குப் படத்தை மாற்றும் சில நொடிகளில் மட்டும் மின்சாரம் போதும். மாற்றிய பிறகு இணைப்பையே பிடுங்கிவிட்டாலும் படம் அப்படியே நிற்கும்.

20 வாட் சூரியத் தகடு ஒரு பழைய தெருவிளக்கிலிருந்து கழற்றியது. 12 வோல்ட், 7 ஆம்பியர்-மணி பேட்டரி ஒரு கடையின் யூபிஎஸ்ஸில் இருந்தது. திரை மட்டும் புதிதாக வாங்கினேன்.

மே மாதம் முடியும் வரை ஒரு நாளும் தவறவில்லை. பிறகு மூடுபனி இறங்கியது. இங்கே ஆனி, ஆடியில் எப்படி இருக்கும் என்று குந்தாப் பக்கத்துக்காரர்களுக்குத் தெரியும். பகல் 11 மணிக்கு எதிரில் வரும் பஸ்ஸின் விளக்குதான் முதலில் கண்ணில் படும். ஜூலை 11 காலையில் வரைந்த கோலம்தான் இன்றும் திரையில் நிற்கிறது. "கெட்டுப்போய்விட்டதா?" என்று வருகிறவர்கள் எல்லாம் கேட்கிறார்கள். நூலகர் அக்கா, "உள்ளே பிளக் இருக்கிறது, செருகிக்கொள் அம்மா" என்று நல்ல மனதோடு சொல்கிறார்.

ஒரு வாட்டுக்கும் குறைவான செலவு. யாருக்கும் பாரமில்லை. ஆனாலும் செருக எனக்கு மனம் வரவில்லை. வெயிலில் ஓடுவது என்று சொல்லித்தானே மாட்டினேன்? உங்களுக்கு என்ன தோன்றுகிறது?

கோத்தகிரி_மேடு | ஜூலை 19, காலை 8:15

எங்கள் பக்கம் இப்போது நல்ல வெயில் அக்கா. இங்கே மழை ஐப்பசி, கார்த்திகையில்தான். சட்டத்தை நான்கு மாதம் இங்கே அனுப்பிவிடுங்கள், பிறகு உங்களுக்குத் திருப்பித் தருகிறோம். உண்மையாகவே சொல்கிறேன்.

சால்டர்_குன்னூர் | ஜூலை 19, இரவு 9:30

குன்னூரில் 22 ஆண்டுகளாக ரேடியோ, டிவி, இப்போது செல்போன் எல்லாம் பழுது பார்த்துக்கொண்டிருக்கிறேன். முதலில் கணக்கைப் பார்த்துவிடுவோம்.

உங்கள் சிறிய கணினி சும்மா இருந்தாலே அரை வாட் தின்னும். ஒரு நாளைக்கு 12 வாட்-மணி. 12 வோல்ட்டை 5 வோல்ட்டாகக் குறைக்கும் பலகையின் இழப்பையும் சேர்த்தால் 14, 15 ஆகிவிடும். பேட்டரியின் கொள்ளளவு 84 வாட்-மணி. ஆனால் ஈய அமில பேட்டரியைப் பாதிக்கு மேல் இறக்கினால் அதன் ஆயுள் போய்விடும், ஆகவே கையில் இருப்பது 42. வெயில் இல்லாவிட்டால் மூன்று நாள் ஓடும். அடர்ந்த பனியில் அந்தத் தகடு நாளுக்கு 10 வாட்-மணி கொடுத்தாலே நீங்கள் பாக்கியசாலி. நின்றுபோகாமல் என்ன செய்யும்?

இப்போது என் கேள்வி. ஒரு கோலம் வரைய எவ்வளவு நேரம் ஆகிறது? அரை நிமிடம் இருக்குமா? அந்த அரை நிமிட வேலைக்காக லினக்ஸ் ஓடும் ஒரு முழுக் கணினி மீதி 23 மணி 59 நிமிடமும் ஏன் விழித்திருக்க வேண்டும்? அதை எடுத்துவிட்டு, தூங்கி எழத் தெரிந்த ஒரு மைக்ரோகண்ட்ரோலர் பலகையை, அதாவது ஒரே சில்லில் அடங்கும் எளிய கணினியை, வையுங்கள். அரை வாட்டில் 30 நொடி வேலை என்றால் 0.004 வாட்-மணி. தூங்கும்போது ஆகும் செலவையும் சேர்த்து நாளுக்குக் கால் வாட்-மணி கூட வராது.

ஒன்றைக் கட்டாயம் மல்டிமீட்டர் வைத்துப் பாருங்கள். தகட்டுக்கும் பேட்டரிக்கும் நடுவில் இருக்கும் சார்ஜ் கண்ட்ரோலர்களில் சில, அந்தப் பச்சை விளக்கை எரிய விட்டுக்கொண்டு, தாமே நாளுக்கு 3 வாட்-மணி வரை குடிக்கும். அப்படி இருந்தால் வீட்டில் ஓவியரை விடக் காவல்காரர் பத்து மடங்கு சாப்பிடுகிறார் என்று பொருள்.

கூடலூர்_ஓடை | ஜூலை 20, காலை 6:50

எனக்கு இந்த உரையாடல் இழை முழுவதிலும் ஒரு வருத்தம் இருக்கிறது. சொல்லிவிடுகிறேன்.

போன வாரம் மரம் விழுந்து கம்பி அறுந்து எங்கள் வீட்டில் இரண்டு நாள் மின்சாரம் இல்லை. ஒவ்வொரு மழைக்காலத்திலும் இதுதான். குறைந்த மின்சாரத்தில் வாழ்வது எங்களுக்குக் கலை இல்லை, கட்டாயம். 1930களில் பைக்காரா நீர்மின் திட்டம் வந்தபோது அந்த மின்சாரம் இறங்கிப்போய்க் கோயம்புத்தூர் மில்களை ஓட்டியது. பிறகு கனடா நாட்டு உதவியுடன் குந்தா திட்டம் வந்தது. மலையின் பள்ளத்தாக்குகளில் எல்லாம் அணை கட்டி நீரைத் தேக்கிச் சமவெளிக்கு வெளிச்சம் கொடுத்தோம். இப்போது இந்த மலையில் இருக்கிறவர்களைப் பார்த்து "குறைவாகப் பயன்படுத்துங்கள், அதுதான் அழகு" என்று சொன்னால் எனக்கு வலிக்கிறது. குந்தா மின்நிலையத்துக்கு அருகில் இருந்துகொண்டு ஒரு வாட்டுக்குத் தயங்குகிறீர்கள், அக்கா. செருகுங்கள். அது உங்கள் உரிமை.

மஞ்சூர்_செவ்வந்தி | ஜூலை 20, இரவு 8:05

கூடலூர்_ஓடை, நீங்கள் சொன்னது சரி. யாரையும் பார்த்துக் குறைத்துக்கொள் என்று சொல்லும் தகுதி எனக்கு இல்லை, அந்த எண்ணமும் இல்லை. ஆனால் நான் இதில் இறங்கிய கதையைக் கேளுங்கள்.

அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டம் 2011இல் தொடங்கியது அல்லவா? என் அக்காளுக்கு அதில் ஒன்று கிடைத்தது. எங்கள் வீட்டின் முதல் கணினி அது. நான்கைந்து ஆண்டுகளில் பரணுக்குப் போய்விட்டது. கெட்டுப்போகவில்லை. ஒவ்வொரு மென்பொருளும் புதிய பதிப்பு வேண்டும், கூடுதல் நினைவகம் வேண்டும் என்று கேட்டது. கடைசியில் உலாவியைத் திறக்கவே மூன்று நிமிடம் ஆனது. இரண்டு ஆண்டுகளுக்கு முன் அதை இறக்கித் துடைத்து, ஒரு சிறிய லினக்ஸ் போட்டேன். கோல நிரலை முழுக்க அதில்தான் எழுதினேன். விசைப்பலகையில் 'ழ' இருக்கும் விசை மட்டும் இரண்டு முறை அழுத்தினால்தான் விழும்.

பின்லாந்தில் வில்லே-மத்தியாஸ் ஹெய்க்கிலா என்ற கலைஞர் 2020இல் ஒரு கட்டுரை எழுதினார். விஸ்நட் என்ற பெயரில் அறியப்பட்டவர். மண்ணை வதைக்காத வேளாண்மைக்குப் பெர்மாகல்ச்சர் என்று பெயர் இருப்பது போல, கணினிக்கும் ஒரு வழி வேண்டும் என்று அதற்குப் பெர்மாகம்ப்யூட்டிங் என்று பெயர் வைத்தார். இருக்கிற சில்லுகளை நெடுநாள் வாழ வைப்பது, கிடைக்கிற ஆற்றலுக்கு ஏற்ப வேலையை வைத்துக்கொள்வது. ஹண்ட்ரட் ராபிட்ஸ் என்ற இரண்டு கலைஞர்கள் பாய்மரப் படகில் வாழ்ந்துகொண்டு, பசிபிக்கைக் கடந்தவர்கள். நடுக்கடலில் பல ஜிகாபைட் மென்பொருள் புதுப்பிப்பை எங்கே இறக்குவது? ஆகவே ஊக்ஸன் என்று, மென்பொருளாலேயே ஆன ஒரு சிறு மெய்நிகர் கணினியைத் தாங்களே வடிவமைத்தார்கள். அதன் நினைவகம் மொத்தமே 64 கிலோபைட். வரைவது, இசையமைப்பது, எழுதுவது எல்லாம் அதற்குள்.

இதைப் படித்தபோது எனக்குப் பரணில் இருந்த கணினிதான் நினைவுக்கு வந்தது. மென்பொருள் பருத்துக்கொண்டே போனால் முதலில் வெளியே தள்ளப்படுவது நம்மைப் போன்ற வீடுகள்தான். அந்தக் கோபம் எனக்கு இருக்கிறது. மின்சாரத்தை மறுப்பது என் நோக்கம் இல்லை.

இருட்டறை_உதகை | ஜூலை 21, பிற்பகல் 3:20

வயதில் மூத்தவன், கொஞ்சம் நீளமாக எழுதினால் பொறுத்துக்கொள்ளுங்கள். உதகையில் ஸ்டூடியோ இருட்டறையில் வேலை பார்த்தவன் நான். நம் ஊர் இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் தொழிற்சாலையில் வந்த 'இந்து' கறுப்பு வெள்ளைச் சுருள்தான் எங்கள் சோறு. சதுரப் படம் எடுக்கும் கேமராவில் ஒரு சுருளுக்கு 12 படம். கல்யாண வீட்டுக்கு இரண்டு சுருளோடு போவேன். 24 முறைதான் விரலை அழுத்தலாம். மாலை மாற்றும்போது ஒன்று, தாலி கட்டும்போது ஒன்று, பாட்டியை நடுவில் உட்கார வைத்து ஒன்று. பாட்டி கண்ணை மூடிவிட்டால் அவ்வளவுதான். அதனால் பாட்டியிடம் முதலில் பேச்சுக் கொடுத்துவிட்டுத்தான் கேமராவைத் தூக்குவேன்.

இப்போது என் பேத்தியின் செல்போனில் 19,000 படங்கள் இருக்கின்றன. எதையும் அவள் திரும்பப் பார்த்ததில்லை. குழந்தையைக் குறை சொல்லவில்லை, எண்ணிக்கையைச் சொல்கிறேன்.

கொடைக்கானல் சூரிய ஆய்வகத்தில் நூறு ஆண்டுகளுக்கும் மேலாகச் சூரியனைப் படம் எடுத்து வைத்திருக்கிறார்கள். ஜான் எவர்ஷெட் 1909இல் சூரியக் கரும்புள்ளிகளில் வாயு வெளிநோக்கிப் பாய்வதைக் கண்டுபிடித்தது அங்கேதான். அந்தக் காலத்துக் கண்ணாடித் தகடுகளை இன்றும் வெளிச்சத்தில் பிடித்தால் கண்ணாலேயே பார்க்கலாம். எந்தப் பதிப்பும் கேட்காது. செவ்வந்தி, உங்கள் நிரலைக் காகிதத்தில் ஒரு பிரதி அச்சிட்டு வையுங்கள். இரண்டு பக்கம் வருமா?

மஞ்சூர்_செவ்வந்தி | ஜூலை 21, மாலை 6:10

நான்கு பக்கம் ஐயா. இன்றே அச்சிடுகிறேன்.

வரைகலை_தம்பி | ஜூலை 21, இரவு 11:45

நான் முப்பரிமாண அசைவூட்டம் செய்கிறவன். என் கணினியின் வரைகலை அட்டை மட்டும் 300 வாட்டுக்கு மேல் இழுக்கும். பத்து நொடிக் காட்சிக்கு இரவு முழுவதும் ஓட வேண்டியிருக்கிறது. இழையைப் படித்தபோது என்னைக் குற்றவாளி ஆக்குவது போல் இருந்தது. பனிக்குள் ஒரு காட்டெருமை நடந்து வருவதை மின்தாளில் எப்படிக் காட்டுவது? எல்லாக் கலையும் கோலம் ஆகிவிட முடியாது.

அதே நேரம் செயற்கை நுண்ணறிவால் ஆயிரக்கணக்கில் படம் தள்ளுகிறவர்களைப் பார்த்தால் எனக்கும் திக்கென்று இருக்கிறது. தரவு மையங்கள் 2024இல் உலக மின்சாரத்தில் சுமார் 1.5 விழுக்காட்டைப் பயன்படுத்தின என்று பன்னாட்டு எரிசக்தி முகமை கணித்திருக்கிறது. இது ஏறிக்கொண்டே போகும் என்றும் சொல்கிறது.

சால்டர்_குன்னூர் | ஜூலை 22, காலை 7:00

தம்பி, உன்னை யாரும் குற்றவாளி ஆக்கவில்லை. காட்டெருமை நடக்கட்டும். உன்னிடம் மூன்று சொல்கிறேன். அந்த அட்டையைப் புதியது வந்ததும் மாற்றாதே. நம் வீட்டுச் சாதனங்களில் செல்போன், மடிக்கணினி போன்றவை தம் வாழ்நாளில் வெளியேற்றும் கரியமில வாயுவில் பெரும்பங்கு, நாம் பெட்டியைப் பிரிப்பதற்கு முன்பே தொழிற்சாலையில் முடிந்துவிடுகிறது. இரண்டாவது, சோதனைக் காட்சிகளைக் கால் அளவில் ஓட்டிப் பார். நீளமும் அகலமும் பாதியானால் வேலை நான்கில் ஒரு பங்கு. மூன்றாவது, விசிறியில் உள்ள தூசியைத் தட்டு. என்னிடம் வருகிற பாதிக் கணினிகளுக்கு அதுதான் நோய்.

கணக்கு முறையை மாற்றினால் எவ்வளவு குறையும் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு: டிஜிட்டல் ஓவியங்களை விற்கப் பலர் பயன்படுத்திய எத்தீரியம் என்ற கிரிப்டோ நாணய வலையமைப்பு, கணினிகள் போட்டி போட்டு எண் தேடும் முறையை 2022 செப்டம்பரில் கைவிட்டது. மின்செலவு 99 விழுக்காட்டுக்கு மேல் குறைந்தது. ஓவியங்கள் அப்படியேதான் இருந்தன.

பூம்பாறை_டீச்சர் | ஜூலை 23, மாலை 5:30

பழனி மலையிலிருந்து எழுதுகிறேன். பள்ளியில் கணக்குப் பாடம் எடுக்கிறேன். கோலத்தைப் பற்றி யாரும் பேசவில்லையே என்று காத்திருந்து பார்த்தேன், நானே வந்துவிட்டேன்.

1970களிலேயே தாம்பரம் சென்னைக் கிறித்தவக் கல்லூரியைச் சேர்ந்த கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி ஆகியோரும், கமலா கிருத்திவாசனும் கோலங்களுக்கு இலக்கணம் எழுதினார்கள். கணினி மொழிகளுக்கு இலக்கணம் இருப்பது போலக் கோலத்துக்கும் விதிகள் உண்டு என்று காட்டியவர்கள். ஆகவே கோலத்தைக் கணினியில் போடுவது நேற்று முளைத்த விளையாட்டு இல்லை.

சிக்குக் கோலத்தின் கணக்கு எவ்வளவு சிறியது என்று பாருங்கள். அடுத்தடுத்த இரண்டு புள்ளிகளின் நடுவில் இழை ஒன்று குறுக்கே வெட்டிப் போகும், அல்லது திரும்பிவிடும். இரண்டே வாய்ப்பு. 5-க்கு 5 புள்ளியில் இப்படி 40 இடைவெளிகள். 40 இடங்களில் ஆம், இல்லை என்று குறித்தால் முழுக் கோலமும் வந்துவிட்டது. கணினிக் கணக்கில் அது ஐந்தே பைட். செல்போனில் எடுக்கும் ஒரு படம் முப்பது, நாற்பது லட்சம் பைட். அந்த ஐந்து பைட்டில் எத்தனை கோலம் சாத்தியம் தெரியுமா? ஒரு லட்சம் கோடிக்கு மேல். செவ்வந்தியின் சட்டம் தினம் ஒன்றாக வரைந்தால் நம் மலை தேய்ந்து மண்ணாகிப் போகும் வரை தீராது.

இன்னொன்று. எல்லா இடைவெளியிலும் இழை வெட்டிப் போகட்டும் என்று விட்டால், 5-க்கு 5-இல் தனித்தனியாக ஐந்து இழைகள் வரும். 4-க்கு 5-இல் ஒரே இழை, கை எடுக்காமல் முடியும். இரண்டு எண்களின் மீப்பெரு பொது வகுத்தி எதுவோ, அத்தனை இழை. ஆறாம் வகுப்புப் பிள்ளைகளை மாவு கொண்டுவரச் சொல்லி முற்றத்தில் போட வைத்தேன். 3-க்கு 6-இல் மூன்று இழை வரும் என்று போடுவதற்கு முன்பே ஒரு பையன் சொல்லிவிட்டான். கணக்கில் எப்போதும் பின்பெஞ்சு அவன்.

மின்சாரம் செருகலாமா என்ற கேள்விக்கு: கோலம் தினமும் அழிந்து தினமும் வருவது. எட்டு நாள் நிற்கும் கோலம் எனக்குக் கொஞ்சம் உறுத்துகிறது. வீட்டில் துக்கம் என்றால்தான் வாசல் அப்படிக் கிடக்கும்.

மஞ்சூர்_செவ்வந்தி | ஜூலை 23, இரவு 9:15

டீச்சர், கடைசி வரியை நான் யோசிக்கவே இல்லை. என் அம்மா தினமும் அந்தத் திண்ணையைக் கடந்து போகும்போது முகம் சுளிப்பதற்குக் காரணம் இப்போதுதான் புரிகிறது.

சால்டர் அண்ணன் சொன்ன மைக்ரோகண்ட்ரோலரை மாற்றுகிறேன். ஆனால் அதிலும் ஒரு குழப்பம் வந்துவிட்டது. அதைப் போட்டால் பேட்டரி தீராது. பனி பெய்தாலும், வெயில் அடித்தாலும் சட்டம் ஒரே மாதிரி வரையும். வானத்தோடு அதற்கு இருந்த உறவு அறுந்துவிடுமே? 2018இல் பார்சிலோனாவில் ஓர் இணைய இதழின் தளத்தைச் சூரிய ஒளியில் ஓட வைத்தார்கள். லோ-டெக் மேகசின் என்று பெயர். வானம் மூடினால் அந்தத் தளம் அணைந்துவிடும், அதை வாசகர்களிடம் மறைக்காமல் பேட்டரியின் அளவைப் பக்கத்திலேயே காட்டுவார்கள். அந்த நேர்மைதான் எனக்குப் பிடித்தது.

முத்தோரை_சரிவு | ஜூலை 24, காலை 6:20

எங்கள் ஊரில் இருக்கும் ரேடியோ தொலைநோக்கியை உதகைக்காரர்கள் எல்லாரும் பார்த்திருப்பீர்கள். 530 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலம். கோவிந்த் ஸ்வரூப் தலைமையில் கட்டி, 1970இல் இயங்கத் தொடங்கியது. அதை ஏன் இங்கே கட்டினார்கள்? உதகையின் அட்சரேகை சுமார் 11 பாகை. வடக்கு தெற்காக அதே 11 பாகை சாய்ந்த ஒரு மலைச்சரிவைத் தேடிப் பிடித்தார்கள். அந்தச் சரிவில் படுக்க வைத்ததால் தொலைநோக்கியின் அச்சு பூமியின் அச்சுக்கு இணையாகிவிட்டது. வானில் நகரும் ஒரு பொருளைத் தொடர ஒரே அச்சில் மெதுவாக உருட்டினால் போதும். பெரிய இயந்திரம் செய்ய வேண்டிய வேலையை மலையே செய்துவிட்டது. சிறு வயதில் அப்பா இதைச் சொன்னபோது எனக்கு மயிர்க்கூச்செறிந்தது.

செவ்வந்தி, உங்கள் பனியையும் அப்படி வேலை செய்ய விடலாமே? முந்தைய நாள் எவ்வளவு வெளிச்சம் விழுந்தது என்று அளந்து, அதற்கேற்பப் புள்ளி வையுங்கள். நல்ல வெயில் என்றால் 7-க்கு 7. பனி என்றால் மூன்று. சட்டம் நிற்கவும் வேண்டாம், பொய் சொல்லவும் வேண்டாம்.

சால்டர்_குன்னூர் | ஜூலை 24, காலை 7:10

அருமை! ஒரு எச்சரிக்கை மட்டும். வெளிச்சத்தைப் பெரிய தகட்டின் மின்னோட்டத்தை வைத்து அளக்காதீர்கள். பேட்டரி நிரம்பிவிட்டால் கண்ட்ரோலர் மின்னோட்டத்தைக் குறைத்துவிடும், கொளுத்தும் வெயிலையும் பனி என்று கணக்கு வந்துவிடும். கெட்டுப்போன கால்குலேட்டரில் இருக்கும் சிறிய சூரியத் தகட்டைக் கழற்றித் தனியாக வையுங்கள். பத்து நிமிடத்துக்கு ஒரு முறை எழுந்து அதைப் படித்துவிட்டுத் தூங்கட்டும். சட்டத்தின் உள்ளே ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலம் ஒன்று போடுங்கள், உங்கள் ஊரில் பித்தளை கூடப் பச்சை பூக்கும்.

நூல்கணக்கு | ஜூலை 25, இரவு 8:40

புள்ளி, கட்டம் என்று பேசும்போது தோடர் பெண்களின் புகூர் பூத்தையலை நினைக்காமல் இருக்க முடியவில்லை. வரைபடம் எதுவும் இல்லாமல், துணியின் இழைகளை எண்ணியே சிவப்பும் கறுப்புமாகத் தைக்கிறார்கள். 2013இல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஒரே வேண்டுகோள்: யாராவது அதன் வடிவங்களை எடுத்து நிரலில் போட்டுவிடாதீர்கள். அது அவர்களுடையது. அவர்களே விரும்பிச் செய்தால் நான் முதல் ஆளாகப் போய்ப் பார்ப்பேன்.

மஞ்சூர்_செவ்வந்தி | ஆகஸ்ட் 9, காலை 9:00

மாற்றி மாட்டி ஒரு வாரம் ஆகிறது. கண்ட்ரோலரை அளந்தேன் அண்ணா, நீங்கள் சொன்னது போலவே புதிய மைக்ரோகண்ட்ரோலர் பலகையை விட அதிகம் குடித்தது. மாற்றிவிட்டேன்.

ஆகஸ்ட் 4 மதியம் இரண்டு மணி நேரம் வெயில் வந்தது. மறுநாள் 5-க்கு 5. நேற்று முழுவதும் எதிர்மலை தெரியவே இல்லை. இன்று காலை 6 மணிக்குத் திரை இரண்டு முறை கறுத்து வெளுத்து, நடுவில் ஒரே ஒரு புள்ளி, அதைச் சுற்றி ஒரு வளையம். நான் குடையோடு நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். தேயிலை பறிக்கப் போகும் ஒரு பாட்டி நின்று பார்த்துவிட்டு, "ஆமாம், நேற்று துணியே காயவில்லை" என்று சொல்லிவிட்டுப் போனார். அவருக்கு நான் எதையும் விளக்கியிருக்கவில்லை.

கூடலூர்_ஓடை | ஆகஸ்ட் 9, இரவு 7:30

என் வருத்தம் முழுதாகத் தீர்ந்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். எங்கள் கம்பிகளைச் சரி செய்யக் கேட்டு இன்னும் மனுக் கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறோம். ஆனால் எங்கள் ஊர்ப் பள்ளியில் பிள்ளைகள் தினமும் மழையை அளந்து பலகையில் எழுதுகிறார்கள். வெளிச்சத்துக்குப் பதில் மழைக்குப் புள்ளி வைக்க முடியுமா? பள்ளியில் பழைய மடிக்கணினி ஒன்று இருக்கிறது.

மஞ்சூர்_செவ்வந்தி | ஆகஸ்ட் 9, இரவு 8:00

முடியும். அச்சிட்ட நான்கு பக்கத்தையும் தபாலில் அனுப்புகிறேன், பிள்ளைகளே தட்டச்சு செய்யட்டும். மூன்றாம் பக்கத்தில் வெளிச்சம் என்று வரும் இடத்தை மட்டும் மாற்றினால் போதும். மின்தாள் திரைக்குத்தான் வழி பார்க்க வேண்டும்.

சால்டர்_குன்னூர் | ஆகஸ்ட் 9, இரவு 8:25

கடை மூடிய ஒருவர் கொடுத்த, பொருள்களின் விலையைக் காட்டும் மின்தாள் திரைகள் என்னிடம் எட்டு இருக்கின்றன. அளவில் சிறியவை, மூன்றை ஒட்ட வேண்டியிருக்கும். சனிக்கிழமை கூடலூர் பஸ்ஸில் கொடுத்து அனுப்புகிறேன், யார் வந்து வாங்குவீர்கள் என்று மட்டும் சொல்லுங்கள்.